வாடகை வீடு: வாசலில் நிறுத்தப்பட்டவரும் உள்ளே குடியிருப்பவரும் கேட்கும் கேள்விகள்

வாடகை வீட்டுப் பிரச்சினை என்று யார் பேச வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்களா, வாசலில் நிற்கிறீர்களா? தமிழ்நாட்டில் இந்த இரண்டு பேருக்கும் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றல்ல. சாவி கைக்கு வந்து, ஒப்பந்தமும் இருந்துவிட்டால் உங்களுக்குத் துணை நிற்க ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. "டூ-லெட்" பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டி, பெயரைச் சொன்னதும் "வீடு முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பிரிவுகள்தான் உள்ளன. அந்தச் சில பிரிவுகளும் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால் வாசலில் இருந்தே தொடங்குகிறேன்.

"நீங்கள் என்ன ஆட்கள்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சாதி தெரிந்ததும் வீடு இல்லை என்றார். இது குற்றமா?

பட்டியல் சாதியினர் என்பதற்காக வீடு மறுக்கப்பட்டால், ஆம், அதைக் குற்றமாக்கும் சட்ட வாசகம் இருக்கிறது. அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இன்றைய பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 4ஆவது பிரிவு தீண்டாமையின் பேரில் எவற்றையெல்லாம் தடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. கடை, கிணறு, சுடுகாடு என்று போகும் அந்த வரிசையில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது என்பதும் இருக்கிறது. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, அதனுடன் அபராதம். அபராதத் தொகை 100 முதல் 500 ரூபாய் என்பது இன்று கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் இது குற்றவியல் வழக்கு. வீட்டுக்காரர் நீதிமன்றப் படியேற வேண்டும்.

இதே சட்டத்தின் 12ஆவது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது. "அவர் மனதில் என்ன நினைத்தார் என்று நான் எப்படி நிரூபிப்பேன்?" என்ற தயக்கத்துக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. மறுப்பு நடந்ததை மட்டும் நீங்கள் காட்டினால் போதும்.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதில் ஒரு நிபந்தனை உண்டு: அவமதிப்பு மற்றவர்கள் பார்வைக்கு எட்டும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். வேறு யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. தெருவிலோ, மாடிப்படியிலோ பிறர் கேட்கப் பேசியிருந்தால் கேட்டவர் பெயரைக் குறித்து வையுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. புலனாய்வைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று மனுவை வாங்கி வைத்தால் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

யாருமே நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லையே?

உண்மைதான். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, குலதெய்வம் எது, வீட்டில் அசைவம் சமைப்பீர்களா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். ஐந்து கேள்விக்குள் விடை கிடைத்துவிடும். பிறகு வரும் பதிலும் ஒரே மாதிரிதான்: "என் மகன் வருகிறான்", "நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்." சில நேரம் புரோக்கர் மட்டும் தனியாக அழைத்து உண்மையைச் சொல்வார்.

அந்த உண்மையை எழுத்தாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். போனில் பேசிய பிறகு, "இன்று காலை வீடு பார்த்தோம். 2ஆவது மாடி வீடு இன்னும் காலியாக இருக்கிறதா?" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தால் சான்று. விளம்பரத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். உங்களுக்கு "முடிந்துவிட்டது" என்ற மறுநாள் வேறு பெயரில் ஒரு நண்பர் கேட்டு "வாங்க, பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

இப்படித்தான் ஆய்வாளர்களும் செய்தார்கள். டெல்லி சுற்றுவட்டாரத்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வேலையும் வருமானமும் ஒத்திருக்க, பெயரை மட்டும் மாற்றித் தொலைபேசியில் வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயர் சொன்னவர்களுக்குக் கதவு திறந்தது. தலித் பெயர் சொன்னவர்களில் 18 சதவீதத்தினருக்கும் முஸ்லிம் பெயர் சொன்னவர்களில் 31 சதவீதத்தினருக்கும் நேரடியாக மறுப்பு வந்தது. இன்னும் பலருக்குக் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. டெல்லிக் கணக்கை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது. ஆனால் இங்கே வீடு தேடி அலைந்த யாருக்கும் அந்த முடிவு வியப்பளிக்காது.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். மதத்தைக் காரணம் காட்டி மறுத்தால் எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பு மத, சாதி, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அது முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துகிறது; கடை, உணவகம், கிணறு போன்ற பொது இடங்களில் தனிமனிதரையும் கட்டுப்படுத்துகிறது. சொந்த வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்ற இடத்துக்கு அது நேராக எட்டுவதில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் உறுப்புரிமை என்று விதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அந்த விதி செல்லும் என்றே 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முஸ்லிம்கள் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் படும் பாட்டை 2006இல் மத்திய அரசு அமைத்த சச்சார் குழுவின் அறிக்கை பதிவு செய்து, சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்கப் பரிந்துரைத்தது. இன்றுவரை அப்படி ஓர் ஆணையம் வரவில்லை.

இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டிய ஓட்டை. அதுவரை மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். அனுப்பினாலும் அந்த வீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் மனு எண்ணுடன் கோப்பில் ஏறும். மத இழிவுப் பேச்சோ மிரட்டலோ நடந்திருந்தால் அது தனிக் குற்றம். அதற்குக் காவல் நிலையத்துக்கே போகலாம்.

"சைவம் மட்டும்" என்று பலகை வைப்பது சட்டப்படி சரியா?

அதைத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஆனால் கறி வாசனை பிடிக்கவில்லை என்பது எப்போதும் கறியைப் பற்றிய பேச்சாக மட்டும் இருப்பதில்லை. அசைவம் சாப்பிடும் ஒரு சாதிக்காரருக்கு அதே வீட்டை விட்டு, உங்களுக்கு மட்டும் உணவைக் காரணம் காட்டினால், உணவு வெறும் திரை. பட்டியல் சாதியினராக இருந்தால் மேலே சொன்ன 12ஆவது பிரிவு அந்த இடத்தில்தான் உதவும்.

நான் திருநங்கை. வேலை இருக்கிறது, வாடகை கொடுக்க முடியும். எங்கும் வீடு கிடைக்கவில்லை.

உங்கள் விஷயத்தில் சட்ட வாசகம் தெளிவாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஒரு சொத்தில் வசிக்க, அதை வாங்க, வாடகைக்கு எடுக்க உள்ள உரிமையை மறுப்பதையும் அதில் நியாயமற்று நடத்துவதையும் பாகுபாடு என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. குடியிருக்கும் வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்தினால் 18ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. குறை என்னவென்றால், வெளியேற்றுவதற்குத் தண்டனை எழுதியவர்கள் உள்ளே விட மறுப்பதற்குத் தனித் தண்டனை எழுதவில்லை. இங்கேயும் வாசலில் நிற்பவருக்கு அரைப் பாதுகாப்புதான். இருந்தாலும் மாவட்ட ஆட்சியரிடம் தரும் மனுவில் 3ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். வெறும் கோரிக்கையாகப் போகும் மனுவுக்கும் சட்டப் பிரிவோடு போகும் மனுவுக்கும் அலுவலகத்தில் வேறுபாடு உண்டு.

எச்ஐவி தொற்றுடன் வாழ்பவர்களுக்கும் ஏறத்தாழ இதே சொற்களில் வீட்டு உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அது 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம்.

தனியாக வாழும் பெண் நான். கணவர் எங்கே, இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கிறார்கள்.

மறுப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை. பேச்சிலர் ஆண்களுக்கும் இதே பதில்தான். ஆனால் குடியேறிய பிறகு யார் வரலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஒப்பந்தம் வீட்டுக்கானதே தவிர உங்கள் நடமாட்டத்துக்கானது அல்ல. பின்தொடர்தல், தொந்தரவு என்று போனால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

வீடு கிடைத்துவிட்டது. இனி எந்தச் சட்டம்?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுக் குடியிருப்பு, நிறுவனங்கள் ஊழியருக்குத் தரும் வீடு போன்றவை இதில் வராது. இதற்கு முன் இருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் "நியாய வாடகை" நிர்ணயிக்கும்படி கேட்க வழியிருந்தது. புதிய சட்டம் வாடகையை இருவரும் ஒப்புக்கொள்ளும் தொகைக்கு விட்டுவிட்டது. ஆகவே முன்பைவிட இப்போது ஒப்பந்தத் தாளுக்கு மதிப்பு பல மடங்கு.

11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்கிறார் புரோக்கர்.

பழைய பழக்கத்தில் சொல்கிறார். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அந்த 11 மாதம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கால அளவைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். இந்தப் பொறுப்பில் துணை ஆட்சியர் நிலை அலுவலர் இருப்பார். விண்ணப்பத்தை அரசின் இணையதளம் வழியாகவே செலுத்தலாம். வீட்டுக்காரர் செய்யாவிட்டால் வாடகைதாரரே விண்ணப்பிக்கலாம்.

இதில் அலட்சியம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பதியாத ஒப்பந்தம் சான்றாக எடுபடாமல் போகலாம். அதைவிட மோசம், ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இருக்கிறது. "பல வருடப் பழக்கம், தாள் எதற்கு?" என்று விட்டவர்கள் பலர், வீட்டுக்காரர் மறைந்து மகன் காலத்தில் சிக்கிக்கொண்டார்கள்.

எழுத்தில் தரவே மறுக்கிறார் என்றால், எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் கேட்டதைப் பதிவுத் தபாலில் அனுப்பி வையுங்கள். வாடகையை வங்கி வழியாகவோ ஜி-பேயிலோ "மார்ச் மாத வாடகை" என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கையெழுத்திட்ட ரசீது கேளுங்கள். ரசீது பெறுவது சட்டம் தந்த உரிமை. வாடகையை வாங்கவே மறுத்து, பிறகு "பாக்கி" என்று வழக்குப் போடும் தந்திரமும் உண்டு. அப்படி மறுத்தால் தொகையை வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்தலாம்.

சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். எவ்வளவு கொடுக்க வேண்டும்?

சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. 15,000 ரூபாய் வாடகை என்றால் 45,000. ஆனால் "வேறு ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று ஒரு சொற்றொடரையும் அங்கே வைத்துவிட்டார்கள். 10 மாதம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வாதாடுவது கடினம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. அது நடைமுறையில் இருந்த காலத்திலும் சென்னை 10 மாதம்தான் வாங்கியது. இந்த வழக்கம் சட்டத்தைவிடப் பழையது, சட்டத்தைவிடப் பிடிவாதமானது. பேரம் பேசும்போது மூன்று மாதம் என்பது உங்கள் விருப்பம் அல்ல, அரசு வைத்த அளவு என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சமாவது இறங்கி வருவார்கள்.

காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். நீங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழிக்கலாம். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள். மின் மீட்டர் எண்ணிக்கையையும் சேர்த்து எடுங்கள். சாவியைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்.

ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது, ஏறக்குறைய யாரும் எதிர்த்துக் கேட்காதது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளர் பக்கத்தில் இருக்கின்றன. கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவையும் அவர் பொறுப்பு. உங்கள் பக்கத்தில் வருபவை குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகள். குழந்தை சுவரெல்லாம் கிறுக்கியிருந்தால் அது வேறு பேச்சு. சாதாரணமாகப் புழங்கி மங்கிய சுவருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவு" என்ற வரி இருந்தால், கையெழுத்துக்கு முன்பே அடிக்கச் சொல்லுங்கள். பின்னால் அந்த வரிதான் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

கரண்ட் யூனிட்டுக்குத் தனி ரேட் போடுகிறாரே?

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் பல போர்ஷன்களை ஓட்டி, துணை மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது. குடியேறுமுன் உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சண்டை வந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

இதைச் செய்யவே கூடாது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் இதே நிலைதான். பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி உண்டு. வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே சேவையை உடனே தரும்படி இடைக்கால உத்தரவு போட முடியும். மனுவில் நிறுத்திய தேதி, நேரம், வீட்டில் உள்ள குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் பற்றி எழுதுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வருவதும் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன் தெரிவித்து, காரணத்தோடுதான் வர வேண்டும்.

எங்கள் சாதி தெரிந்த பிறகு உடனே காலி செய்யச் சொல்கிறார். இல்லையென்றால் பூட்டுப் போடுவாராம்.

போடக் கூடாது. வெளியேற்றுவது வாடகை நீதிமன்றத்தின் உத்தரவால்தான் நடக்க வேண்டும். அதற்கான காரணங்களைச் சட்டம் எண்ணி வைத்திருக்கிறது: இரண்டு மாத வாடகை பாக்கியை அறிவிப்பு தந்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமை, எழுத்துமூல அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், இடித்துக் கட்ட வேண்டிய நிலை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்றவை. உங்கள் சாதியோ மதமோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அவர் "சொந்தத் தேவை" என்றுதான் வருவார். அதற்கு முன் அனுப்பிய மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். அந்தத் தேவை உண்மையா என்பதை அவைதான் காட்டும்.

பூட்டியே விட்டால், முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்புச் சீட்டு வாங்குங்கள். சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு மீண்டும் குடியேற 1963ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவு வழி தருகிறது. அந்த வழக்கில் வீடு யாருடையது என்பது கேள்வியே அல்ல. நீங்கள் அங்கே இருந்தீர்களா, சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டீர்களா என்பதுதான் கேள்வி. 6 மாதம் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. இலவச எண் 15100. சாதி வன்கொடுமைக்கு 14566.

போகும்போது வீட்டு முகவரி, பார்த்த தேதி, பேசிய நேரம், வீட்டுக்காரர் சொன்ன சொற்கள் அப்படியே, உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அன்றிரவே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் "ஏதோ மாதிரிப் பேசினார்" என்றுதான் வரும். அதை வைத்து எந்த வழக்கறிஞராலும் மனு எழுத முடியாது.